தொடுவதற்கு முன் மூன்று வரி: எச்.ஐ.வி. இருப்பதைத் துணையிடம் சொல்வது எப்படி

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு." சொல்லி முடிக்க இரண்டு நொடி போதும். அதைச் சொல்ல முடியாமல் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. சொல்லப் பயந்து, வந்த நல்ல உறவைக் காரணம் சொல்லாமலே முறித்துக்கொள்கிறவர்களும் உண்டு. கஷ்டம் அந்த வாக்கியத்தில் இல்லை. கையில் என்ன தாள் இருக்கிறது, எந்த நேரம், எந்த இடம், அடுத்த வரி என்ன என்று ஒன்றுமே யோசிக்காமல் போவதில்தான் இருக்கிறது.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், பிடித்த ஒருவரோடு இன்னும் படுக்கை வரை போகாத நிலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். ஏற்கெனவே உறவு நடந்துவிட்டிருந்தால் கீழே "நடந்துவிட்டது என்றால்" என்ற பகுதியை முதலில் படியுங்கள். அங்கே மணி நேரக் கெடு இருக்கிறது.

முதலில் கையில் தாள்

பேசப் போவதற்கு முன் உங்கள் வைரல் லோடு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் என்ற கணக்கு அது. கூட்டு மருந்து தரும் அரசு மையமான ஏ.ஆர்.டி. மையத்தில், மாத்திரை தொடங்கிய 6-வது மாதம் ஒருமுறை, 12-வது மாதம் ஒருமுறை, அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுப்பார்கள். சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பதிந்திருந்தாலும், கீழ்ப்பாக்கத்தில் பதிந்திருந்தாலும், சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் பதிந்திருந்தாலும் நடைமுறை ஒன்றுதான். ரத்தம் கொடுத்ததோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது "எல்லாம் நல்லா இருக்கு" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. எண்ணைக் கேளுங்கள். தேதியோடு உங்கள் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எண்ணைப் படிக்கும் விதம் இது. "டார்கெட் நாட் டிடெக்டட்" (வைரஸ் தென்படவில்லை) என்றோ 200-க்குக் கீழேயோ இருந்து, மாத்திரையும் விடாமல் போய்க்கொண்டிருந்தால், உடலுறவு வழியாக உங்களிடமிருந்து துணைக்கு எச்.ஐ.வி. போகாது. இது ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு இல்லை. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 1,763 ஜோடிகளை வைத்து 9 நாடுகளில் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் சென்னையும் ஒரு மையம். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் அதன் முதல் முடிவு வந்தது. அடுத்து ஐரோப்பாவில் பார்ட்னர் ஆய்வுகள் நடந்தன. வைரல் லோடு 200-க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து, ஆணுறை போடாத உறவிலும், துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. 2019-ல் வெளியான இரண்டாம் கட்டத்தில் ஆண்–ஆண் ஜோடிகளிடம் மட்டும் சுமார் 76,000 முறை ஆணுறையற்ற உறவு கணக்கில் வந்தது. அதிலும் பூஜ்யம்தான்.

மையத்தில் 1,000-க்குக் கீழே இருந்தாலே "கட்டுப்பாட்டில் இருக்கு" என்பார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் அது. 200-க்கும் 1,000-க்கும் இடையில் இருப்பவர்களிடமிருந்து தொற்றும் ஆபத்து அநேகமாக இல்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொன்னது. ஆனாலும் "வரவே வராது" என்று வாக்குக் கொடுக்க 200-க்குக் கீழே இருப்பது நல்லது. துணை ஒருநாள் உங்கள் தாளை வாங்கிப் பார்க்கலாம். அன்று நீங்கள் சொன்னதும் தாள் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று: சிடி4 எண்ணைக் காட்டி "எனக்கு 800 இருக்கு, நான் சேஃப்" என்பது. சிடி4 உங்கள் உடம்பின் எதிர்ப்பு சக்தியைச் சொல்கிறது. அடுத்தவருக்குத் தொற்றுமா என்பதை அது சொல்லாது. சிடி4 நன்றாக இருந்து வைரல் லோடும் ஏறியிருப்பவர்கள் உண்டு.

எண் கைவிடும் நேரங்களும் உண்டு. மாத்திரை தொடங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் நம்பாதீர்கள். கடைசிப் பரிசோதனைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கடலுக்குப் போன இடத்திலோ ஊர்த் திருவிழாவிலோ நாலைந்து நாள் மாத்திரை விட்டுப்போனது என்றாலும் அப்படித்தான். இன்னொன்று பலருக்குத் தெரியாது. இப்போது தரும் ஒற்றை மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் மாதிரியான மருந்தை அதோடு சேர்த்தால் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டாலும் அதே கதை. எச்.ஐ.வி. மாத்திரையை முதலில் போட்டு, குறைந்தது 2 மணி நேரம் கழித்து மற்றதைப் போடுங்கள்.

எண் இன்னும் இறங்காதவரும் துணையிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வாக்கியம் மட்டும் மாறும். அது கீழே வருகிறது.

எப்போது

முதல் டீ குடிக்கும்போது வேண்டாம். அந்த ஆள் யார், வாய் எப்படி என்று தெரியாமல் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க முடியாது. லாட்ஜ் அறையில் கதவைச் சாத்திய பிறகும் வேண்டாம். சட்டையைக் கழற்றிய பிறகு "ஒரு நிமிஷம்" என்றால், எதிரே இருப்பவருக்கு வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் பாதி போய்விடுகிறது. "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து இப்ப சொல்றியா" என்ற கோபமும் அங்கேதான் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் உண்டு: இவரோடு இன்னும் நெருங்கப் போகிறோம் என்பது இருவருக்கும் புரிந்து, இன்னும் நெருங்காத சில நாட்கள். அதுதான் நேரம்.

குடித்திருக்கும்போது கூடாது. நீங்கள் குடிக்காமல் அவர் குடித்திருந்தாலும் கூடாது. ராத்திரி பதினோரு மணிக்கு மேலும் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் கேட்டவர் பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனைத் திறந்து தேடுவார். வந்து நிற்பதெல்லாம் எலும்பும் தோலுமான பழைய படங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், இந்தச் சென்னையில்தான். அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில். நடுவில் இருந்த 18 வருஷம்தான் நம் தெருக்களின் நினைவில் இன்னும் நிற்கிறது. தாம்பரம் சானடோரியம் என்றாலே குரலைத் தாழ்த்திய காலம் அது. உங்கள் துணையின் பயமும் அந்தக் காலத்தில் இருந்து வருவது என்று தெரிந்துகொண்டு பேசினால் பொறுமை தானாக வரும். பகலில், அவருக்கு மறுநாள் லீவு இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சு என்றால் கணக்கு வேறு. தட்டு மாற்றுவதற்கு முன், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், பெண்ணிடமோ பையனிடமோ நேராகச் சொல்ல வேண்டும். தரகர் வழியாக, அக்கா வழியாக, சித்தி வழியாகப் போகக் கூடாது. ஒரு வாய் மாறும்போதே "டி.பி." என்றோ "ரத்தத்துல ஏதோ" என்றோ செய்தி உருமாறிவிடும். மறைத்துக் கல்யாணம் செய்தால் இந்து திருமணச் சட்டம் பிரிவு 12-ன்படி, முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கிய மோசடி என்று அந்தத் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்க முடியும். கோர்ட் ஒருபக்கம் இருக்கட்டும், ஒரே வீட்டில் தினமும் மாத்திரையை ஒளித்து விழுங்குவது நடக்கிற காரியமா?

எங்கே

வட சென்னையில் இது தனிப் பிரச்சினை. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு வீடுகளில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவதே நம் வீட்டில் ஓடுவது மாதிரி கேட்கும். ஒற்றை அறை, திறந்த கதவு, வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆயா. வீட்டில் இதைப் பேச முடியாது. காசிமேட்டில் ஏலம் நடக்கும் நேரத்தில் யார் பேச்சும் யார் காதிலும் விழாதுதான். ஆனால் தெரிந்த முகம் தாண்டாமல் பத்தடி நடக்க முடியாது. ராயபுரம், பெரம்பூர் பூங்கா பெஞ்சுகளிலும் அதே கதை.

உங்கள் ஏரியாவை விட்டு வெளியே வாருங்கள். விம்கோ நகரிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். வாலாஜா சாலை வழியே நடந்தால் மெரினா. மணலில் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டு பேசுவதில் ஒரு வசதி உண்டு: முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. கண்ணீர் வந்தால் கடலைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள். பேச்சு முடிந்ததும் அவர் தனியாக வீட்டுக்குப் போக வழி இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர், கேட்ட பிறகும் அதே சீட்டில் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும் என்றால் அது பாவம். பஸ்சோ மெட்ரோவோ இருக்கும் இடமாகப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே சொல்வது அறவே கூடாது.

ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகர் அறையும் நல்ல இடம்தான். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. "என் கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன், நீங்களும் இருங்க" என்று முன்கூட்டிச் சொன்னால் நேரம் ஒதுக்குவார்கள். துணையின் முதல் பத்து சந்தேகங்களுக்கு உங்கள் வாயிலிருந்து வரும் பதிலைவிட அவர்கள் வாயிலிருந்து வருவது சீக்கிரம் எடுபடும். ஆனால் ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். போர்டைப் பார்த்து வாசலிலேயே அவருக்குப் புரிந்துவிடும். சொல்லிவிட்டு, பிறகு கூட்டிப் போங்கள்.

வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். எழுத்து ஸ்கிரீன்ஷாட் ஆகும். வெளியூரில் இருக்கிறார், நேரில் முடியவே முடியாது என்றால் குரல் அழைப்பு, அதுவும் அவர் தனியாக இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு.

மூன்று வரி

வரிசை முக்கியம். இருக்கிறது, மருந்து எடுக்கிறேன், உனக்கு என்ன அர்த்தம். மூன்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

காதலிக்கும் பெண்ணிடம் ஒரு பையன் சொல்வதாக இருந்தால்: "நாம இன்னும் நெருங்கறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியணும். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அஞ்சு வருஷமா தினம் ஒரு மாத்திரை போடறேன், கடைசி டெஸ்ட்ல வைரஸ் தெரியவே இல்ல. அப்படி இருந்தா என்கிட்டருந்து உனக்கு வராது. இப்பவே எதுவும் சொல்லணும்னு இல்ல, என்ன வேணா கேளு."

கணவரை இழந்த பெண், மறுமணம் பேசுகிறவரிடம்: "ஏங்க, வீட்ல பேச்சு எடுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஸ்டான்லியில மாத்திரை வாங்கறேன், கன்ட்ரோல்ல இருக்கு, டெஸ்ட் பேப்பர் இருக்கு. அதனால உங்களுக்கு வராதுன்னு டாக்டரே சொல்லுவாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எண் இறங்காதவர்: "மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசம்தான் ஆவுது. ஆறாவது மாசம் டெஸ்ட். அது வர்ற வரைக்கும் காண்டம் இல்லாம எதுவும் வேணாம்."

உங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் "எச்.ஐ.வி." என்ற சொல் அப்படியே இருக்கட்டும். "நான் பாசிட்டிவ்" என்றால், 2020-க்குப் பிறகு பாதிப் பேருக்குக் கொரோனாதான் ஞாபகம் வருகிறது. "ரத்தத்துல கிருமி" என்றால் மஞ்சள் காமாலையா என்பார்கள். "எனக்கு ஒரு பெரிய பிரச்சினை, நீ அழக்கூடாது, என்னை விட்டுப் போகக்கூடாது" என்று பீடிகை போட்டால், கேட்பவர் மனசு அதற்குள் இன்னொரு பொண்டாட்டி வரை போய் வந்திருக்கும். "எய்ட்ஸ்" என்றும் சொல்லாதீர்கள். அது மருந்து இல்லாமல் விட்டு எதிர்ப்பு சக்தி மிகவும் இறங்கிய பிறகு வரும் நிலை. உங்களுக்கு இருப்பது வைரஸ்.

"தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடு" என்று தொடங்குவது பெரிய பிழை. நீங்கள் இவருக்கு இதுவரை ஒன்றும் செய்துவிடவில்லை. மன்னிப்பில் தொடங்கினால் அவருக்கு நீதிபதி நாற்காலி போட்டுக் கொடுத்ததாகிவிடும். பேச்சு உடனே "யார்கிட்டருந்து வந்துச்சு" என்ற விசாரணைக்குத் திரும்பிவிடும்.

முந்தின நாள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் நூறு தடவை ஓட்டினாலும், முதல்முறை சத்தமாகச் சொல்லும்போது "எச்" என்ற எழுத்திலேயே தொண்டை அடைக்கும். அந்த அடைப்பு ஆலோசகர் முன்னாலேயே நடந்து முடியட்டும்.

மூன்று வரி முடிந்ததும் வரும் மௌனத்தை நிரப்பாதீர்கள். பயத்தில் புள்ளிவிவரமாகக் கொட்டத் தோன்றும். அந்த நேரத்தில் அவர் காதில் எதுவும் ஏறாது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போகட்டும். அவர் முதலில் கேட்கும் கேள்விதான் அவருடைய பயம் எங்கே இருக்கிறது என்று காட்டும்.

வரும் கேள்விகள்

"எனக்கு வருமா?" இதற்கு மேலே சொன்ன தாள்தான் பதில். கூடவே, ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே டம்ளரில் குடித்தால், முத்தம் கொடுத்தால், கொசு கடித்தால், ஒரே கக்கூஸைப் பயன்படுத்தினால் வராது என்பதையும் அவர் கேட்காமலே சொல்லுங்கள். வெட்கத்தில் கேட்க மாட்டார்கள். இதுவரை கொடுத்த முத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஷேவிங் பிளேடை மட்டும் எப்போதும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"உனக்கு எப்படி வந்துச்சு?" இதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. பொய் சொல்லவும் தேவையில்லை. "ஆஸ்பத்திரியில ஊசி மாத்திப் போட்டுட்டாங்க" என்று ஒரு கதை விட்டால் அதைக் கடைசி வரை காப்பாற்ற வேண்டும். அது உடையும் நாளில், உண்மையாகச் சொன்ன எச்.ஐ.வி. விஷயமும் சேர்ந்து உடையும். "அதை இன்னொரு நாள் உட்கார்ந்து சொல்றேன், இன்னிக்கு இது போதும்" என்பது நேர்மையான பதில்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?" இதுதான் கடினமான கேள்வி. பழகி ஆறு மாதம் ஆகியிருந்தால் நிச்சயம் வரும். "பயம்" என்ற ஒரே சொல்தான் பெரும்பாலும் உண்மை, அதையே சொல்லுங்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தால் சண்டைதான்.

"கொழந்த பெத்துக்க முடியுமா?" முடியும். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து ஒன்றுமே செய்யாமல் விட்டால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய் மாத்திரை எடுத்து, பிறந்த குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருக்கும்போது கருத்தரித்தால் இன்னும் நல்லது. அப்பாவுக்கு மட்டும் இருந்து, அவர் எண் இறங்கியிருந்தால், ஆணுறை இல்லாமல் முயற்சி செய்யலாம். டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

"எத்தன வருஷம் இருப்ப?" சீக்கிரம் கண்டுபிடித்து, மாத்திரை விடாமல் எடுப்பவர்களின் ஆயுள் மற்றவர்களுடையதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுகிற அவர் வீட்டு அப்பாவை உதாரணம் காட்டினால் புரியும். கொஞ்சம் சிரிப்பும் வரும்.

"வேற யாருக்குத் தெரியும்?" உண்மையைச் சொல்லுங்கள். இந்த இடத்தில்தான் ரகசியத்தையும் கேட்க வேண்டும்: "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். உனக்கு யார்கிட்டயாவது பேசணும்னா 1097-க்குப் போடு, இல்ல என் கவுன்சிலர்கிட்ட பேசு." முதலிலேயே "சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினால் பயந்துவிடுவார்கள். 1097 தேசிய எய்ட்ஸ் உதவி எண், கட்டணம் இல்லை. கேட்டவருக்கும் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும். அதை நீங்களே காட்டாவிட்டால் அவர் தன் அண்ணியிடம் போய்ச் சொல்லுவார்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கெஞ்சுவது, தாளை மறுபடி மறுபடி நீட்டுவது, அறிவியல் புரியவில்லை என்று திட்டுவது எதுவும் வேண்டாம். சிலர் நான்கு நாள் கழித்துத் திரும்பி வருவார்கள், சிலர் வர மாட்டார்கள். அந்த நான்கு நாளும் "என்ன முடிவு பண்ணே" என்று போன் போடாதீர்கள்.

அடிக்கு வாய்ப்பு இருந்தால்

கை ஓங்குகிறவர், குடித்தால் ஆளே மாறுகிறவர், முன்பு மிரட்டியவர் என்றால் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். ஆலோசகர் முன்னால் சொல்லுங்கள், அல்லது சொல்வதையே தள்ளிவையுங்கள். 2017-ன் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதன் 10-வது பிரிவு, எச்.ஐ.வி. உள்ளவர் அடுத்தவருக்குப் பரவாமல் நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆபத்தைக் குறைக்கும் வழிகளைக் கையாள்வது அல்லது உறவுக்கு முன் நிலையைச் சொல்வது அந்த முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். ஆனால் சொன்னால் அடி விழும், கைவிடப்படுவோம் என்று நியாயமாகப் பயப்படும் பெண்ணை உடலுறவு விஷயத்தில் இந்தப் பிரிவு கட்டாயப்படுத்துவதில்லை. 9-வது பிரிவின்படி டாக்டரோ ஆலோசகரோ துணையிடம் தாங்களாகவே சொல்லவும் கடுமையான நிபந்தனைகள் உண்டு. முதலில் உங்களைச் சொல்லச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லப் போவதில்லை என்று உறுதியாக வேண்டும். தாங்கள் சொல்லப் போவதை உங்களிடம் தெரிவிக்க வேண்டும். அங்கேயும் வன்முறைக்குப் பயப்படும் பெண்களுக்கு விலக்கு இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பெண்களுக்கான உதவி எண் 181.

அதற்காக, தெரிந்தே அலட்சியமாகப் பரப்பினால் சட்டம் சும்மா விடாது. பாரதிய நியாய சன்ஹிதா 271, 272 பிரிவுகள் அதற்கென்றே இருக்கின்றன. கெட்ட எண்ணத்தோடு பரப்பினால் 2 ஆண்டு வரை சிறை.

திருநங்கைகளுக்கும், ஆணோடு பழகும் ஆண்களுக்கும் வேறு ஒரு சங்கடம் உண்டு. ஆப்பில் பார்த்து அன்றைக்கே சந்திக்கும் உறவில் மெரினாவும் மெட்ரோவும் ஏது? அங்கே முகமும் பெயரும் தெரியாத ஒருவரிடம் நிலையைச் சொல்வதால் வரும் ஆபத்து, மிரட்டல். எண் இறங்கியிருந்து ஆணுறையும் போட்டால் முன்னெச்சரிக்கை நடந்தேறிவிட்டது. மூன்றாவது முறையும் சந்திக்கத் தோன்றும் ஆளிடம் சொல்லுங்கள். திருநங்கைகளின் ஜமாத்துக்குள் (சமூகக் குழுவுக்குள்) பழகும் பந்தியாக (ஆண் துணையாக) இருந்தால், சேதி குருபாய் (ஒரே குருவின் கீழ் இருக்கும் சகோதரி) வரை போய்ச் சேர ஒருநாள் போதும் என்பதையும் கணக்கில் வையுங்கள். "ஊருக்கெல்லாம் சொல்லிடுவேன்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மாதாமாதம் கேட்பான். மிரட்டலைச் சேமித்துவையுங்கள். இணைய வழி மிரட்டலுக்கு 1930, இலவச சட்ட உதவிக்கு 15100. நம்பிச் சொன்ன ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. காசு கேட்டு மிரட்டுவது தனியாக ஒரு குற்றம்.

நடந்துவிட்டது என்றால்

சொல்லாமல் உறவு நடந்துவிட்டதா, ஆணுறை கிழிந்துவிட்டதா? முதல் கேள்வி உங்கள் எண். 200-க்குக் கீழே, மாத்திரையும் ஒழுங்காக என்றால் அவருக்கு அவசர மருந்து தேவைப்படாது. தாளோடு மையத்துக்குப் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி இல்லை என்றால் 72 மணி நேரம்தான் அவகாசம். பெப் என்ற தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். 72 தாண்டிவிட்டால் பயனில்லை. திங்கட்கிழமை ஓ.பி.க்குப் போகலாம் என்று ஞாயிறு முழுக்கக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய் "பெப் வேணும்" என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும் நீங்கள் எடுக்கும் மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். அதாவது, அன்றைக்கே அவரிடம் சொல்லியாக வேண்டும். இங்கே நேரம், இடம் எல்லாம் பார்க்க முடியாது. உங்கள் வெட்கத்துக்காக அவருடைய 72 மணி நேரத்தைச் செலவழிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஒத்துக்கொண்ட பிறகு

அவரையும் நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) கூட்டிப் போங்கள். இலவசம், பெரும்பாலும் அன்றைக்கே முடிவு. முதல் கருவி பாசிட்டிவ் காட்டினாலும், வேறு இரண்டு வகைக் கருவிகளில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். இடையில் ஆபத்தான உறவு இருந்திருந்தால் 3 மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

உங்கள் எண் இறங்கும் வரை அவருக்குப் பிரெப் என்ற தினசரித் தடுப்பு மாத்திரையும் உண்டு. டாக்டர் சீட்டு வேண்டும். தொடங்கும் முன் அவருக்கு எச்.ஐ.வி. இல்லை என்பதையும் சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி பரிசோதனைகளையும் பார்ப்பார்கள்.

எண் இறங்கிய பிறகும் ஆணுறை வேண்டுமா என்பது இருவரும் பேசி முடிவு செய்வது. மாத்திரை எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கிறது. மேகநோய் (சிபிலிஸ்), வெட்டை (கொனோரியா) போன்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் தடுக்காது. ஆணுறை போட்டால் தேங்காய் எண்ணெயையும் வாஸலினையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். ரப்பர் இளகிக் கிழிந்துவிடும். எண்ணெய் இல்லாத, தண்ணீர் அடிப்படையிலான (வாட்டர் பேஸ்டு) ஜெல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். பர்சில் மாதக்கணக்கில் வைத்து உட்கார்ந்து நசுக்கிய பாக்கெட்டையும் தூக்கிப் போடுங்கள். மையத்தில் நிரோத் ஆணுறை சும்மாவே தருகிறார்கள்.

இனி மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளிக்க வேண்டியதில்லை. லேபிளைச் சுரண்டி வேறு டப்பாவுக்கு மாற்றியிருந்தால் பழைய டப்பாவுக்கே திரும்புங்கள். மூடிக்கு உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையையும் எடுத்துவிடாதீர்கள். எண்ணூர்க் காற்றின் ஈரத்துக்கு அது தேவை.

அவருடைய பரிசோதனைத் தேதியையும் உங்கள் அடுத்த வைரல் லோடு தேதியையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஒரு லீவு போதும். வைரல் லோடுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றால் மட்டும் இட்லியை ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுங்கள்.